யாரை யார் பார்த்துக்கொண்டது

மே 10, சனி

ஞானதுரை அண்ணாச்சி நாளைக் காலை வேலூருக்குப் போகிறார். மதினிக்கு இருதய ஆபரேஷன். திரும்பி வர ஒரு மாதம் ஆகுமாம். கேட்டதும் கலங்கிப் போனேன். மதினிக்காகக் கலங்கினேன் என்று எழுதினால் பொய்.

குடியை விட்ட நாளிலிருந்து தினமும் காலை ஆறு மணிக்கு அவரைத்தான் போனில் கூப்பிடுகிறேன். குடியை விட்டவர்கள் கூடும் எங்கள் கூட்டத்தில் அது வழக்கம். குடியை விட நினைக்கிறவன் தனக்கென்று ஒருவரைப் பிடித்துக்கொள்ள வேண்டும். காலையில் அவரைக் கூப்பிட்டு, இன்றைக்கு ஒரு நாள் குடிக்க மாட்டேன் என்று சொல்ல வேண்டும். அவராகக் கூப்பிட மாட்டார். யாருக்குத் தேவையோ அவன்தான் கூப்பிட வேண்டும்.

கூட்டம் முடிந்து டீ குடிக்கும்போது அண்ணாச்சி என்னை ஓரமாக அழைத்துப் போனார்.

"நான் வார வரைக்கும் காலையில பேச்சிமுத்துவக் கூப்பிடு."

"பேச்சிமுத்துவையா?"

"ஆமா. தினமும். கல்யாண வேலைன்னு விட்டுராத."

பேச்சிமுத்து பெயிண்டர். வருகிறான், கொஞ்ச நாள் ஒழுங்காக இருக்கிறான், பிறகு எங்காவது விழுந்து கிடக்கிறான், மறுபடி வருகிறான். கூட்டத்தில் புதிதாக வந்தவர்கள் கை தூக்குங்கள் என்றால் பழக்கதோஷத்தில் அவன் கை முதலில் போகும். இப்பேர்ப்பட்டவனைக் கரையேற்றும் பொறுப்பை என்னிடம் ஒப்படைத்துவிட்டுப் போகிறார் அண்ணாச்சி. பெருமையாகத்தான் இருந்தது.

தினமும் படுக்கப் போகுமுன் ஒரு நன்றி எழுதச் சொல்லியிருக்கிறார். அதற்குத்தான் இந்த டைரியே.

இன்றைய நன்றி: பேச்சிமுத்துவின் நிலைமை எனக்கு இல்லை.

மே 11, ஞாயிறு

ஆறு மணிக்குக் கூப்பிட்டேன். இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டான்.

"நேத்து சாயங்காலம் எங்க இருந்த? யாரு கூட இருந்த? நேரா வீட்டுக்குத்தான் போனியா?" என்று கேட்டேன்.

ஒவ்வொன்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னான். கடைசியில், "நீங்க நல்லா உறங்குனியளா அண்ணாச்சி?" என்றான்.

கேள்வி கேட்பது நான்தான் என்று சொல்லி வைத்தேன்.

மோட்டார் தண்ணீர் எடுக்கவில்லை. பிளம்பர் நாளை வருகிறேன் என்றான். நாளை என்றால் அவன் அகராதியில் வியாழக்கிழமை.

மே 13, செவ்வாய்

நான் அரசு பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகர். ஏறியதும் யார் டிக்கெட் எடுக்கவில்லை என்று எனக்குத் தெரிந்துவிடும். ஒருவன் ஜன்னலுக்கு வெளியே ரொம்ப அக்கறையாகப் பார்ப்பான். ஒருத்தி தூங்குவது போல் கண்ணை மூடுவாள், இமை மட்டும் துடிக்கும். இத்தனை வருஷ வேலையில் இந்தக் கண் வீட்டுக்கு வந்தாலும் மூடுவதில்லை. கூட்டத்திலும் அப்படித்தான்.

எங்கள் கூட்டம் கோவில்பிள்ளை பள்ளிக்கூடத்து மூன்றாம் வகுப்பில் நடக்கிறது. முட்டி நாடியில் இடிக்க அந்தச் சின்ன பெஞ்சில் உட்கார்ந்து ஒவ்வொருவனும் தன் கதையைச் சொல்கிறான். நான் ஒவ்வொரு கதையையும் வாங்கி, திருப்பிப் பார்த்துக் கிழிக்கிறேன். காண்டிராக்டர் சொல்வதில் பாதி கப்சா. பல் டாக்டர் இன்னும் தன்னைக் குடிகாரன் என்றே நம்பவில்லை. பேச்சிமுத்து அழுகிறான். ஆனால் அவன் எப்போதும் அழுகிறவன்தான்.

முடியும்போது எல்லோரும் வட்டமாக நின்று கை கோத்துக் கண்ணை மூடி அவரவர் சாமியைக் கும்பிடுவோம். எனக்குப் பக்கத்தில் பேச்சிமுத்து வராதபடி நான் பார்த்துக்கொள்வேன். கையெல்லாம் பெயிண்ட்.

நன்றி: மோட்டார் சரியாகிவிட்டது. பிளம்பர் வியாழக்கிழமைக்கு முன்னதாகவே வந்து என் வாயை அடைத்துவிட்டான்.

மே 14, புதன்

வடிவு இன்று பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். என் ஒரே மகள். ஜூன் ஐந்தாம் தேதி கல்யாணம். என் தலைமுடிக்கு எப்போது மை போடுவது என்று பேசத்தான் வந்தாள் என்று நினைத்தேன்.

"அப்பா, நீங்கதான் எனக்குத் தாரை வாக்கணும். எனக்கு அதான் ஆசை."

"வேற யாரு வாக்கப் போறா?"

"அன்னைக்கு உங்க மேல வாடை வந்துச்சுன்னா மாமாதான் மனையில உக்காருவாவ. அம்மாகிட்டயும் சொல்லிட்டேன், மாமாகிட்டயும் சொல்லிட்டேன். நான் அழ மாட்டேன்ப்பா. ஆனா சொல்லிட்டேன்."

அவள் பட்டம் வாங்கிய அன்று நான் திருச்செந்தூர் பஸ்ஸின் கடைசி சீட்டில் கிடந்தேன். அதை அவள் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன்.

சரி என்றேன். குடியை விட்டு ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. எனக்கென்ன பயம்.

மே 16, வெள்ளி

கத்திரி வெயில் மண்டையைப் பிளக்கிறது. நான் வண்டியை நிறுத்திச் சோதனை போடும் ஸ்டாப்புக்கு நேர் எதிரே மதுக்கடை. காலையில் பேச்சுவாக்கில் அதைப் பேச்சிமுத்துவிடம் சொல்லித் தொலைத்துவிட்டேன்.

"அடுத்த ஸ்டாப்புல நில்லுங்களேன் அண்ணாச்சி" என்றான்.

"எனக்கு யோசனை சொல்லுதியாக்கும்?" என்றேன்.

அடுத்த ஸ்டாப்பில் ஒரு வேப்பமரம் இருக்கிறது. நிழலுக்காக இன்று அங்கேதான் நின்றேன்.

மே 18, ஞாயிறு

வீட்டுக்கு வெள்ளையடிக்க ஒத்துக்கொண்டவன் வேறு வேலைக்குப் போய்விட்டான். என் மனைவி காந்திமதி தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள். "மாப்பிள்ளை வீட்டுக்காரவ வந்து பாத்தா இது என்ன புகைபோக்கியான்னு கேப்பாவ" என்றாள். அவள் சொல்வது அடுக்களைச் சுவரை மட்டும்தான். ஆனால் நியாயம்.

காலைப் போனில் இந்தக் கதையும் வந்துவிட்டது. "நான் வாரேன் அண்ணாச்சி" என்றான் பேச்சிமுத்து. எனக்குத் தயக்கம். ஆனாலும் ஒரு வகையில் நல்லது, அவன் என் கண் பார்வையில் இருப்பான்.

மே 20, செவ்வாய்

வந்துவிட்டான். பழைய சுண்ணாம்பைச் சுரண்டி, விரிசலுக்குப் பட்டி பார்த்து, வேலையைக் குறை சொல்ல முடியவில்லை. விரிசலைக் காட்டுகிற சாக்கில் இரண்டு மூன்று தடவை பக்கத்தில் போய் மோந்து பார்த்தேன். டர்பன்டைன் வாடைதான் வந்தது. மூன்றாவது தடவை அவன் ஏணியிலிருந்து குனிந்து, "அண்ணாச்சி, வாயைத் தொறந்து ஊதிக் காட்டட்டா?" என்றான். வடிவு சிரித்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வடிவு அவனைப் பெயிண்டர் மாமா என்கிறாள். அவளுடைய அறைக்கு என்ன நிறம் என்று அவளிடமே கேட்டு, அது கல்யாணத்துக்குப் பிறகு யாரும் இல்லாத அறைதானே என்று நான் சொன்னதற்கு, "பிள்ளை வந்து தங்கும்லா அண்ணாச்சி" என்றான். காந்திமதி அவனுக்கு இரண்டாவது தடவை சாதம் போட்டாள்.

நன்றி: அடுக்களை வெளுத்துவிட்டது.

மே 22, வியாழன்

மச்சான் சங்கரலிங்கம் வந்திருந்தார். காந்திமதியின் அண்ணன். பட்டு வேட்டி எடுத்துவிட்டாராம். தாய்மாமனுக்கு எதற்குப் பட்டு வேட்டி என்று கேட்க நினைத்துக் கேட்கவில்லை. எதற்கென்று எனக்குத் தெரியும்.

ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை.

மே 23, வெள்ளி

காலையில் என் கேள்விகளை முடிக்குமுன்பே பேச்சிமுத்து, "குரலு சரியில்லையே அண்ணாச்சி" என்றான். ஜலதோஷம் என்றேன். அவன் வைக்கவே இல்லை. தன் தங்கச்சி கல்யாணத்தில் சமையல் நடக்கும் ஆக்குப்பரையில் தூங்கி, இடுப்பு வேட்டி அவிழ்ந்து, சமையல்காரர் துண்டைக் கட்டிக்கொண்டு எழுந்து வந்த கதையைச் சொன்னான். வெட்கமே இல்லாதவன். சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. பிறகு மச்சானின் பட்டு வேட்டிக் கதையை நானும் சொல்லிவிட்டேன். எப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை.

"நீங்கதான் உக்காருவிய. எனக்குத் தெரியும்" என்றான்.

இவனுக்கு என்ன தெரியும்?

இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போனேன்.

மே 24, சனி

கூட்டத்தில் எல்லோருக்கும் பத்திரிகை கொடுத்தேன். காண்டிராக்டர் வேன் ஏற்பாடு செய்வதாகச் சொன்னார். பல் டாக்டர் கட்டிப்பிடித்து வாழ்த்தினார். பேச்சிமுத்து அப்போது வெளியே குழாயடியில் டீ கிளாஸ் கழுவிக்கொண்டிருந்தான். அவன் வருவதற்குள் பத்திரிகை தீர்ந்துவிட்டது.

மாப்பிள்ளை வீட்டார் கோயம்புத்தூர்க்காரர்கள். மரியாதையானவர்கள். இவர் உங்களுக்கு எப்படிப் பழக்கம் என்று யாரையாவது காட்டிக் கேட்டால் நான் என்ன சொல்வது? பல் டாக்டரைக் காட்டிக் கேட்டால் பல் என்று சொல்லிவிடலாம்.

மே 26, திங்கள்

பால்காரர், இஸ்திரி போடுகிறவர், டெப்போ வாட்ச்மேன், தெருமுனை சலூன் என்று பாக்கியிருந்த பத்திரிகைகளைக் கொடுத்து முடித்தேன். மிச்சத்தைப் பரணில் போட்டேன்.

வடிவு கேட்டாள், "பெயிண்டர் மாமாவுக்குக் குடுத்திட்டியளாப்பா?"

"குடுக்காம இருப்பனா?"

மே 27, செவ்வாய்

வீடு முடிந்தது. கல்யாண வீடு போல இருக்கிறது. பேச்சிமுத்து போகும்போது வாசலில் நின்று சுவரையே பார்த்துக்கொண்டிருந்தான். ஏதோ எதிர்பார்த்து நிற்கிறவன் போல இருந்தது. கூலியெல்லாம் காந்திமதி நேற்றே கொடுத்துவிட்டாள். நான் உள்ளே போய்விட்டேன்.

மே 31, சனி

வேனில் யார் யார் என்று காண்டிராக்டர் எல்லோர் முன்னாலும் கேட்டார். பேச்சிமுத்துவிடம் வந்ததும் அவன், "எனக்கு அன்னைக்கு வேலை இருக்கு" என்றான். நல்லதாகப் போயிற்று.

வட்டமாக நிற்கும்போது அவனாக வந்து எனக்குப் பக்கத்தில் நின்று கையைப் பிடித்துக்கொண்டான். உள்ளங்கை உப்புத்தாள் மாதிரி. முடிந்ததும் சட்டென்று எடுத்துக்கொண்டேன்.

ஜூன் 1, ஞாயிறு

கூப்பிட நேரமில்லை. மண்டபத்துக்கும் வீட்டுக்கும் நடந்து செருப்பு தேய்கிறது.

ஜூன் 2, திங்கள்

நேரமில்லை.

ஜூன் 3, செவ்வாய்

காலையில் பேச்சிமுத்துவே கூப்பிட்டான். எங்கள் வழக்கத்தில் இது கிடையாது. "எப்படி இருக்கிய அண்ணாச்சி? இன்னைக்குக் கூட்டத்துக்கு வாரியளா?" என்றான். கல்யாண வீட்டுக்காரனிடம் கேட்கிற கேள்வியா இது? வேலை தலைக்கு மேல் கிடக்கிறது என்று சொல்லி வைத்துவிட்டேன். வைத்த பிறகு அவன் இன்றைக்கு எப்படி இருக்கிறான் என்று கேட்கவில்லையே என்று தோன்றியது. நாளை கேட்டுக்கொள்ளலாம்.

நன்றி எழுதி ரொம்ப நாளாகிறது. நாளை எழுதுகிறேன்.

ஜூன் 4, புதன். மண்டபம்

எல்லோரும் பந்தியில் இருக்கிறார்கள். மாப்பிள்ளை அழைப்பு நல்லபடியாக முடிந்தது. காந்திமதி என்னை மணமகள் அறையில் உட்கார வைத்து, கதவைத் திறந்து வைத்து, எதிரே தானும் உட்கார்ந்திருக்கிறாள். என்ன எழுதுகிறேன் என்று கேட்கவில்லை. இதை இப்போதே எழுதாவிட்டால் நாளைக்கு வேறு மாதிரி எழுதிவிடுவேன்.

சாயங்காலம் ஐயரிடம் காந்திமதி பேசிக்கொண்டிருந்தாள். நான் தூணுக்கு இந்தப் பக்கம் நின்றேன். "எதுக்கும் எங்கண்ணனும் பக்கத்துல தயாரா இருப்பாவ சாமி" என்றாள். சத்தம் போட்டுச் சொல்லவில்லை. வருத்தமாகத்தான் சொன்னாள். எனக்குச் சட்டையைக் கிழித்து நடுத்தெருவில் நிறுத்தியது போல இருந்தது.

மைக் செட்காரர் வயர் கேட்டார். எடுக்க மாடி அறைக்குப் போனேன். சொந்தக்காரப் பயல்கள் உட்கார்ந்து எழுந்த இடம். மேளச் சத்தம் கேட்டதும் அப்படியே போட்டுவிட்டு இறங்கியிருக்கிறார்கள். மேசையில் ஊற்றி வைத்த கிளாஸ். நானும் அதுவும் மட்டும்.

ஞானதுரை அண்ணாச்சியைக் கூப்பிட்டேன். போன் அணைத்து வைத்திருந்தது. ஆஸ்பத்திரியில் இருப்பார். அடுத்து விரல் தானாகப் பேச்சிமுத்து பெயரைத் தொட்டது.

"அண்ணாச்சி!" என்றான். நாக்கு குழறியது.

"குடிச்சிருக்கியா?"

"ஆமா அண்ணாச்சி. மத்தியானத்துல இருந்து."

"சே" என்றேன். வைக்கப் போனேன்.

"வச்சிராதிய. வச்சிராதிய. நீங்க எங்க நிக்கிய?"

"மண்டபத்துல. மாடியில."

"தனியாவா?"

"ஆமா."

"முன்னால இருக்கா அண்ணாச்சி?"

"இருக்கு."

"தொட்டியளா?"

"இல்ல" என்றேன். கிளாஸின் ஈரம் என் விரலில் இருந்தது.

"சரி. அதைக் கீழ வச்சிருங்க" என்றான்.

வைத்தேன். அவனுக்கு மூச்சு இரைத்தது. தன்னைத் தானே இழுத்து நிமிர்த்திக்கொள்கிறான் என்று தெரிந்தது. பிறகு ஒவ்வொரு சொல்லாகப் பொறுக்கி வைத்துப் பேசினான்.

"அண்ணாச்சி, நான் விழுந்து கெடக்கேன். இன்னைக்கு என்னால எந்திரிக்க முடியாது. ரெண்டு பேருல ஒருத்தராவது நிக்கணும்லா. நீங்க நின்னா நான் நின்ன மாதிரி. எனக்காவ நில்லுங்க."

நான் அழுதுவிட்டேன். மாடியில் நின்று, மைக் செட் வயரைக் கையில் பிடித்துக்கொண்டு.

"இப்ப நடங்க. போனை வைக்காம நடங்க. படி வந்துட்டா? பாத்து எறங்குங்க. என்ன தெரியுது, சொல்லுங்க."

"வாழை மரம் கட்டியிருக்கு."

"பொறவு?"

"பிள்ளைய ஓடுதுவ."

"மதினி எங்க?"

"அங்க நிக்கா."

"பக்கத்துல போங்க. போனை அவ்வோகிட்ட குடுங்க."

கொடுத்தேன். அவன் என்ன சொன்னான் என்று பிறகு காந்திமதி சொன்னாள். "மதினி, அண்ணாச்சி கையைப் பிடிச்சிக்கிடுங்க. விட்டுராதிய." அவ்வளவுதான். அவள் என் முகத்தைப் பார்த்தாள். சம்பந்தி வீட்டார் எல்லோரும் பார்க்க, மாப்பிள்ளை அழைப்பு முடிகிற வரை என் கையைப் பிடித்துக்கொண்டே நின்றாள். கல்யாணமான இத்தனை வருஷத்தில் வெளியிடத்தில் அவள் என் கையைப் பிடித்தது கிடையாது.

சாமி எந்த வாய் வழியாகப் பேசும் என்று இத்தனை நாள் நான் ஒரு கணக்கு வைத்திருந்தேன். இன்று அது குடித்த வாய் வழியாக வந்தது. வந்த சொல்லில் ஒரு குறையும் இல்லை.

நன்றி. நன்றி. நன்றி.

ஜூன் 5, வியாழன்

காலையில் மச்சான் பட்டு வேட்டியுடன் மனைப் பக்கம் வந்தார். "அண்ணே, நீங்க பந்தியப் பாத்துக்கிடுங்க" என்றாள் காந்திமதி. அவரும் நல்ல மனுஷர்தான். என் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

காந்திமதி தண்ணீர் ஊற்ற, என் மகள் கையை மாப்பிள்ளை கையில் வைத்தேன். வடிவு குனிந்து என் பக்கம் சாய்ந்து மூச்சை இழுத்தாள். மோந்து பார்க்கிறாள் என்று தெரிந்தது. நிமிர்ந்தபோது அழுதுகொண்டிருந்தாள். அழ மாட்டேன் என்று சொன்னவள்.

பந்தி முடிகிற நேரம் ஞானதுரை அண்ணாச்சி கூப்பிட்டார். மதினி தேறிவிட்டாராம். "பேச்சிமுத்து ஒன்ன நல்லாப் பாத்துக்கிட்டானாடே?" என்றார்.

"அவன் என்னையா? நீங்க என்கிட்டலா அவனைப் பாத்துக்கிடச் சொன்னிய?"

"நான் எப்பம்டே அப்படிச் சொன்னேன்? காலையில கூப்பிடுன்னேன். யாரு கூப்பிடணும்? தேவைப்பட்டவன்லா கூப்பிடணும்?"

வழக்கத்தை நானே எல்லோருக்கும் விளக்கிச் சொல்லியிருக்கிறேன்.

"ஏன் அண்ணாச்சி, போயும் போயும் அவன்கிட்ட?"

"வேற எவன் ஒன் வாயத் தாங்குவான்?" என்றார்.

வடிவு, பெயிண்டர் மாமா வரலையா என்று கேட்டாள். சாப்பாட்டை ஒரு தூக்கில் எடுத்துக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனேன். குலவணிகர்புரம் பக்கம் ஒரு சந்து. இத்தனை நாளில் அவன் வீடு எதுவென்று எனக்குத் தெரியாது. விசாரித்துத்தான் போனேன். அவன் மனைவி செண்பகம் கதவைத் திறந்தாள். உள்ளே கொடியில் ஒரு புதுச் சட்டை, விலைச்சீட்டு கூடக் கிழிக்கவில்லை.

"ஒங்க வீட்டுக் கல்யாணத்துக்குன்னு எடுத்து வச்சிருந்தாவ" என்றாள் செண்பகம். அவள் குத்திக்காட்டிச் சொல்லவில்லை. அதனால்தான் தாங்க முடியவில்லை.

அவன் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். உடம்பு உதறிக்கொண்டிருந்தது. நான் தரையில் உட்கார்ந்தேன்.

"தாரை வாத்தியளா?" என்றான், திரும்பாமலே.

"வாத்தேன்."

அவன் தோள் குலுங்கியது. நானும் அழுதேன். செண்பகம் அடுப்படிக்குப் போய்விட்டாள்.

"பத்திரிகை தீரல பேச்சிமுத்து" என்றேன்.

"தெரியும் அண்ணாச்சி."

"ஒன்னத்தான் என்னப் பாத்துக்கிடச் சொல்லியிருக்காவ. நான் பாட்டுக்கு ஒன்ன தினமும் வெரட்டிக் கேள்வி கேட்டேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா?"

"கேள்வி கேக்கும்போது ஒங்க குரல்ல ஒரு தெம்பு இருந்துச்சு. அது போயிரக் கூடாதுல்லா."

எழுப்பி உட்கார வைத்தேன். கை நடுங்கியதால் நானே பிசைந்து கொடுத்தேன். சாதம் கொஞ்சம்தான் இறங்கியது, பாயசம் முழுதும் குடித்தான். ஒன்று விடாமல் கல்யாணத்தைச் சொல்லச் சொன்னான். எந்த நிறச் சேலை, யார் மேளம், பிள்ளை அழுதாளா என்றெல்லாம் கேட்டான். கூட்டத்தில் இத்தனை நாள் இவன் கதையை நான் ஒரு தடவை கூட இப்படிக் கேட்டதில்லை.

சாயங்காலம் அவனைப் பெரியாஸ்பத்திரியில் காட்டி, டாக்டர் கொடுத்த மாத்திரையை வாங்கிச் செண்பகத்திடம் சொல்லிக் கொடுத்துவிட்டு வந்தேன். கல்யாண வேட்டியோடுதான் போனேன். டாக்டர், நீங்கள் அவருக்கு என்ன வேண்டும் என்றார். அண்ணன் என்றேன்.

ஜூன் 6, வெள்ளி

ஆறு மணிக்குக் கூப்பிட்டேன். "இன்னைக்குக் குடிக்க மாட்டேன்" என்று நான் சொன்னேன். கொஞ்ச நேரம் கழித்து அவனும் சொன்னான்.

வாடகைப் பாத்திரம், சமையல் பாத்திரம், ஜமுக்காளம் எல்லாம் திருப்பி அனுப்பியாயிற்று. வீடு வெறிச்சென்று இருக்கிறது. சுவர் மட்டும் பளிச்சென்று இருக்கிறது.

ஜூன் 7, சனி

கூட்டம் தொடங்கி வெகுநேரமாகியும் பேச்சிமுத்து வரவில்லை. எட்டிப் பார்த்தேன். பள்ளிக்கூட கேட்டுக்கு வெளியே சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றான். உள்ளேயும் வரவில்லை, திரும்பியும் போகவில்லை. எழுந்து வெளியே போனேன்.

"எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு வருவேன் அண்ணாச்சி? எத்தனை தடவைதான் கை தூக்குவேன்? எல்லாரும் என்ன நெனைப்பாவ?"

எல்லோரும் என்ன நினைப்பார்கள் என்று எனக்கு நன்றாகத் தெரியும். இத்தனை நாள் நான் நினைத்ததைத்தான் நினைப்பார்கள்.

"தம்பி, அன்னைக்கு நான் நின்னா நீ நின்ன மாதிரின்னு சொன்னேல்லா?"

"ஆமா."

"அப்பம் நீ விழுந்தா நான் விழுந்த மாதிரிதான? வா, ரெண்டு பேருமாப் போவோம்."

சைக்கிளை நான் வாங்கிச் சாத்தி வைத்தேன். உள்ளே போனதும் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பல் டாக்டர் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார். மூன்றாம் வகுப்பு பெஞ்சில் இருவரும் இடித்துக்கொண்டு உட்கார்ந்தோம். அவன் கையைத் தூக்க முடியாமல் குனிந்தே இருந்தான். நான் எழுந்தேன். பேசுவதற்கு எதையும் யோசித்து வைத்திருக்கவில்லை.

"நானும் பேச்சிமுத்துவும் பேச வந்திருக்கோம்" என்றேன். "புதன்கிழமை நாங்க குடிச்சிட்டோம். வியாழக்கிழமை மகளக் கட்டிக் குடுத்தோம்."

காண்டிராக்டர்தான் முதலில் கை தட்டினார்.